மாத்திக் கேக்கணும்

அந்த ஃபேனுக்குக் கீழ உக்காராதீங்கம்மா. அது பேருக்குத்தான் சுத்தும், காத்து வராது. இங்கிட்டு வந்துருங்க, இந்த ஜன்னலோரம். நாலு வருஷமா எனக்கு இதே பெஞ்சுதான். டோக்கன் எத்தன உங்களுக்கு? இருபத்தி மூணா? நாங்க பதினேழு. இப்பத்தான் பதினாலு உள்ள போயிருக்கு. பேச்சுப் பயிற்சி குடுக்குற அம்மா ஒவ்வொருத்தருக்கும் நின்னு நிதானமாத்தான் பாக்கும். அதனால அவசரப்படாதீங்க, தண்ணி கிண்ணி குடிக்கணும்னா குடிச்சிட்டு வாங்க, எடம் நான் பாத்துக்கிறேன்.

கை கால் பயிற்சிக்கு உள்ள கூட்டிட்டுப் போனாங்களே, அவரு உங்க வீட்டுக்காரரா? பேச்சு வரலயா? எத்தன நாளாச்சு? ரெண்டு மாசம். ம். அழாதீங்கம்மா. இந்த வராந்தாவுல உக்காந்திருக்கிற எல்லாருக்கும் அதே கததான்.

இவரு எங்கண்ணன். கூடப் பொறந்தவரு. தனுஷ்கோடின்னு பேரு. அருப்புக்கோட்டையில பாத்திரக்கடை வச்சிருக்கோம். தூங்குறாரு பாருங்க, இந்தச் சக்கர நாற்காலியில உக்கார வச்சாப் போதும், கண்ணு சொருகிரும். என் பேரு பரமசிவம். பரமுன்னு கூப்பிடுவாரு. கூப்பிடுவாருன்னா, அப்ப.

ஒண்ணு சொல்றேன், மனசுல வச்சுக்கங்க. புத்தி போயிருச்சுன்னு எவனாவது வந்து சொன்னா நம்பாதீங்க. எங்க சொந்தக்காரன் ஒருத்தன் அண்ணன் மொகத்துக்கு நேரயே சொன்னான், அண்ணன் கண்ணுல தண்ணி வந்துருச்சு. புத்தி போனவனுக்கு அழுக வருமா? மூளையில பேச்சுக்குன்னு ஒரு எடம் இருக்காம்மா. அந்த எடத்துக்கு ரத்தம் போகாம அது மட்டும் செத்துப்போச்சு. மத்ததெல்லாம் உசுரோட இருக்கு. நாம பேசுறது முக்காவாசி புரியும். திரும்பச் சொல்ல வேண்டியதும் மனசுல இருக்கும். நாக்குக்குத்தான் வந்து சேராது. அந்த அம்மா எனக்கு அப்படித்தான் வெளங்க வச்சுச்சு.

உங்க வீட்டுக்காரருக்கு ஏதாவது ஒரு வார்த்த வருதா? ஒண்ணுமே வரலயா? எங்கண்ணனுக்கு ஒண்ணே ஒண்ணு மிஞ்சுச்சு. சரி. அவ்வளவுதான். டீ வேணுமாண்ணே? சரி. டீ வேணாமா? சரி. வெயிலாருக்கா? சரி. கால்ல எறும்பு கடிச்சாக்கூட சரி, சரின்னுதான் கத்துவாரு. தலையும் ஆமாவுக்கும் இல்லைக்கும் ஒரே மாதிரிதான் ஆடும். சிரிப்பு வருதுல்ல? சிரிங்க, தப்பில்ல. நாங்களும் சிரிச்சோம். ஆரம்பத்துல கடைக்கு வர்றவங்கல்லாம், தனுஷ்கோடி அண்ணாச்சி எதுக்கும் மறுப்பே சொல்லாத மனுசனாயிட்டாருய்யான்னு சொல்லிச் சிரிச்சாங்க. அவரும் கூடச் சேந்து சிரிப்பாரு.

அதுக்குத்தான் அந்த அம்மா எனக்கு ஒரு வழி சொல்லிக் குடுத்துச்சு. ஜெசிந்தான்னு பேரு, சின்னப் புள்ள மாதிரி இருக்கும், ஆனா கெட்டிக்காரி. 'சார், ஒரு தடவ கேட்டுட்டு விட்டுராதீங்க. மாத்திக் கேளுங்க. சாப்பாடு வேணுமான்னு கேட்டா, கையோட வேணாமான்னும் கேளுங்க. ரெண்டுக்கும் சரின்னா அது பதில் இல்ல சார், வெறும் சத்தம். அப்ப இந்த அட்டையக் காட்டுங்க. வாய் பொய் சொல்லும், வெரல் சொல்லாது. வீட்டுல இருக்கிற அத்தன பேருக்கும் இதச் சொல்லிக் குடுங்க'ன்னுச்சு.

இந்தா, இதான் அட்ட. ஆஸ்பத்திரி வரும்போது பைக்குள்ளயே வச்சிருப்பேன். பச்சையில ஒரு சரிக்குறி, செவப்புல ஒரு தப்புக்குறி. இடது கை வெரலு நல்லா வேல செய்யும் அண்ணனுக்கு. கத்திரிக்காயா, வெண்டக்காயா, இந்தச் சட்டையா, அந்தச் சட்ட வேணாமா, எல்லாம் டாண் டாண்ணு தொட்டுச் சொல்லிருவாரு. பாத்துட்டீங்களா? இருக்கட்டும், அண்ணன் மடியிலயே வைக்கிறேன். கூப்பிட்டதும் உள்ள எடுத்துட்டுப் போகணும்.

நீங்க உங்க வீட்டுல எல்லாருக்கும் சொல்லிருங்கம்மா. புள்ளைங்க, மருமக, பக்கத்து வீட்டுக்காரங்க, ஒருத்தர் விடாம. ஒரே ஒரு ஆளு மட்டும் தெரிஞ்சு வச்சிருக்கக் கூடாது. அது ரொம்பத் தப்பு.

எங்க வீட்டுல அப்படித்தான் ஆயிப்போச்சு.

அண்ணனுக்கு ஒரே பொண்ணு. மங்கையர்க்கரசி. மங்கைம்போம். மதினி அவ பத்தாவது படிக்கும்போதே போய்ச் சேந்துட்டாங்க. அண்ணன்தான் தலை பின்னி விட்டு, பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி, எல்லாம். அந்தப் புள்ளைக்கும் அப்பான்னா உசுரு. அண்ணனுக்கு இப்படி ஆனப்ப அது மதுரையில ஹாஸ்டல்ல இருந்து பி.எட். படிச்சுக்கிட்டிருந்துச்சு. வாரக் கடைசிக்கு ஓடியாரும். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வர்றது, குளிப்பாட்டுறது, துணி மாத்துறது எல்லாம் நான். இன்னைக்கு வரைக்கும் நான்தான். இத யாரும் இல்லன்னு சொல்ல முடியாது.

என் வீட்டுக்காரியோட அண்ணன் மகன் ஒருத்தன், கதிரேசன்னு. முறதான். ஜல்லி கிரஷர் வச்சிருக்கிற குடும்பம், நல்ல வசதி. அண்ணன் நல்லா இருந்தப்பவே பொண்ணு கேட்டாங்க. அண்ணன் கடையில வச்சு எங்கிட்டச் சொன்னாரு, 'டேய் பரமு, அவன் பைக்குக்குக் கீழ ஒரு நாய் நெழலுக்குப் படுத்திருந்துச்சு. அத எழுப்பி வெரட்டல அவன். ஹெல்மெட்டக் கழட்டி அடிச்சான், ரத்தம் வர்ற வரைக்கும். நான் பாத்துக்கிட்டிருந்தேன். அந்தக் கையில எம்புள்ளையக் குடுக்க மாட்டேன். இந்தப் பேச்ச இதோட விடு'ன்னாரு. அவ்வளவுதான், விட்டாச்சு. எங்க வீட்டுல அண்ணன் பேச்சுதான் பேச்சு. எனக்கு அம்பது வயசு வரைக்கும் கடையில கரண்டி எந்த அடுக்குல வைக்கணும்னுகூட அவருதான் சொல்லணும். நான் கோவத்துல சொல்லல. நடந்தது அது.

அடுத்த பங்குனியில அண்ணன் விழுந்துட்டாரு.

அப்புறம் எல்லாம் எங்கிட்ட வந்து கேக்க ஆரம்பிச்சாங்க. கடைச் சரக்குக்கும் நான், கோயில் வரிக்கும் நான், சொந்தத்துல நல்லது கெட்டதுக்கும் நான். அண்ணன் என்ன சொல்றாருன்னு கேப்பாங்க, நான் அண்ணன் மொகத்தப் பாத்துட்டு இப்படிச் சொல்றாருன்னு சொல்லுவேன். அண்ணன் சரிம்பாரு. பழகிப்போச்சும்மா. நல்லாவும் இருந்துச்சு. ஏன் மறைக்கணும்?

ஆவணியில என் மச்சினன், அந்தப் பையனோட அப்பா, மறுபடியும் பொண்ணு கேட்டு வந்தாரு. வீட்டுல என் வீட்டுக்காரி புடிச்சுக்கிட்டா. அப்பன் இப்படிக் கெடக்கான், நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா இந்தப் புள்ளைய யாரு கட்டுவா, வந்த எடத்த விடாதீங்கன்னு. எனக்கும் நாயமாத்தான் பட்டுச்சு. நாயை அடிச்சா என்ன, கோவத்துல எல்லாரும் ஏதோ செய்யுறதுதான. வயசுப் பையன்.

மங்கை எங்கிட்ட வந்து கேட்டா. 'சித்தப்பா, அப்பா எதுக் கேட்டாலும் சரிங்கிறாரே, நெசமாவே புரிஞ்சுதான் சொல்றாரா?'

நான் என்ன சொன்னேன் தெரியுமா? 'புரியாமயா? புத்தி தெளிவா இருக்குன்னு டாக்டரே சொல்லிருக்காருத்தா'ன்னேன். பொய்யா அது? பொய் இல்லயே. டாக்டரு அப்படித்தான் சொன்னாரு. மிச்சத்தத்தான் நான் சொல்லல.

வெத்தல பாக்கு மாத்துற அன்னைக்கு வீடு நெறைய ஆளு. எங்க பக்கம், பொண்ணப் பெத்தவரு சபையில வாயால ஒத்துக்கிட்டாத்தான் தட்ட மாத்துவோம். வாய் இல்லாட்டித் தலையாட்டினாப் போதும்னு ஒருத்தர் சொன்னாரு. அண்ணனத்தான் பட்டு வேட்டி கட்டி நடு வீட்டுல உக்கார வச்சிருக்கேனே. பெரியவரு ஒருத்தர் கேட்டாரு, 'என்ன தனுஷ்கோடி, சம்மதந்தான?'

அண்ணன் அந்தப் பையனப் பாத்தாரு. 'சரி'ன்னாரு. அப்புறம், 'சரி சரி சரி சரி'ன்னு, நிறுத்தவே இல்ல. இடது கையால தொடையப் போட்டு அடிக்கிறாரு. கண்ணுல தண்ணி கொட்டுது. பொண்ணக் கட்டிக் குடுக்குறவன் அழத்தான செய்வான்னு பொம்பளைங்கள்லாம் கண்ணத் தொடைக்கிறாங்க. அண்ணன் கைய நீட்டி பீரோவக் காட்டுறாரு. காட்டிக்கிட்டே இருக்காரு. 'சித்தப்பா, அப்பா என்னமோ கேக்குறாரு'ன்னு மங்கை சொல்றா.

பீரோவுலதான் அட்ட இருந்துச்சு.

நான் போயி பீரோவத் தொறந்து, ஒரு துண்ட எடுத்துட்டு வந்து குடுத்தேன்.

மங்கை வந்து அவரு காலடியில உக்காந்தா. 'அப்பா, உங்களுக்குப் புடிச்சிருக்காப்பா? நீங்க சரின்னா எனக்கும் சரி'ன்னா. அண்ணன் அவ மொகத்தப் புடிச்சுக்கிட்டு, சரின்னாரு. ஒரு தடவதான் கேட்டா. மாத்திக் கேக்கணும்னு அவளுக்குத் தெரியாது. தெரிஞ்ச ஒரே ஆளு நான், வெத்தலத் தட்டக் கையில வச்சுக்கிட்டு நிக்கிறேன்.

அம்பது பேரு கேட்டாங்கம்மா அண்ணன் சரின்னு சொன்னத. நான் மட்டும் இல்ல, அம்பது பேரு.

கல்யாணம் தையில. பாத்திரக்கடைக்காரரு மக, சீருக்குக் கேக்கணுமா? அவ பொறந்ததுல இருந்து அண்ணன் ஒவ்வொண்ணா எடுத்து வச்சு, எல்லாத்துலயும் அவரு கையாலயே அவ பேர வெட்டி வச்சிருந்தாரு. கடையில பேரு வெட்டுற மிஷின் இருக்குல்ல, அதுல. கல்யாணத்துக்கு நாலு நாள் முன்னாடி நான் கொஞ்ச நேரம் வெளிய போயிட்டு வந்து பாக்குறேன், மிஷின் சத்தம் கேக்குது. அண்ணன் இடது கையில மிஷினப் புடிச்சு, குடத்த மடியில வச்சு, பேருக்குக் கீழ இந்தத் தண்டிக்கு ஒரு கிறுக்கல். குறுக்க ஒண்ணு, குறுக்க ஒண்ணு. அட்டையில செவப்புல இருக்குல்ல, அது. ஒண்ணாப்புப் புள்ளைக்கும் தெரியும் அது என்னன்னு.

'சரி, சரி'ன்னு குடத்த எங்கிட்ட நீட்டுறாரு.

நான் என்ன செய்யுறது? பத்திரிக குடுத்தாச்சு. மண்டபம் சொல்லியாச்சு. குடத்த வாங்கி, சீர்வரிச அடுக்கும்போது கிறுக்குன பக்கத்தச் செவுத்துப் பக்கமாத் திருப்பி வச்சேன். மங்கை பாத்துட்டா. எதையும் கவனிச்சிருவா அவ. 'இது என்ன சித்தப்பா?'ன்னா. 'உங்கப்பா இடது கையால உன் பேர எழுதிப் பாத்திருக்காருத்தா, வரல'ன்னேன். அந்தக் குடத்தக் கட்டிப்புடிச்சு அந்தக் கிறுக்கலுக்கு ஒரு முத்தம் குடுத்தாம்மா. நான் பந்தல்காரனப் பாக்கப் போயிட்டேன்.

ஒண்ணர வருஷம். அதுக்கு மேல தாங்கல. ஒரு நாள் காலையில ஆட்டோல வந்து எறங்குனா. கன்னம் வீங்கி, மணிக்கட்டுல மாவுக்கட்டு. ஹெல்மெட்டாலதானான்னு நான் கேக்கல. நேரா அண்ணங்கிட்டப் போனா. அழவே இல்ல. 'ஏம்ப்பா அன்னைக்குச் சரின்னு சொன்னீங்க?'ன்னா.

அண்ணன் என்ன சொல்லுவாரு? அவருகிட்ட என்ன இருக்கு சொல்றதுக்கு?

'சரி'ன்னாரு.

'உங்களுக்குத் தெரியுமாப்பா அவன் எப்படிப்பட்டவன்னு?'

'சரி.'

'தெரிஞ்சுதான் குடுத்தீங்களா?'

'சரி, சரி, சரி...'ன்னு அந்த மாவுக்கட்டப் புடிக்கப் போறாரு. அவ கைய உருவிக்கிட்டா. நான் நெலப்படியில நிக்கிறேன். இப்பச் சொல்லிரு, இப்பச் சொல்லிருன்னு உள்ள ஒண்ணு கெடந்து அடிக்குது. எனக்கு மூளையில ஒண்ணும் ஆகலம்மா. பேச்சு நல்லாத்தான் இருக்கு. வாய் வரல.

அன்னைக்கே போயிட்டா. அப்புறம் கல்யாணத்தத் தீத்து விட்டாச்சு. இப்பத் திருப்பூருல ஒரு பள்ளிக்கூடத்துல டீச்சரா இருக்கா, ஹாஸ்டல்ல தங்கியிருக்கா. ரெண்டு வருஷமாச்சு, அப்பன வந்து பாக்கல. என் நம்பரப் பாத்தா எடுக்குறதில்ல. அண்ணன் தெனமும் அவ போட்டோவ எடுத்து மடியில வச்சுக்கிருவாரு. அதுகிட்டயும் அதே பேச்சுதான்.

நான் கெட்டவன் இல்லம்மா. சாயங்காலம் ஆனா அண்ணனக் கேக்காம இருக்கிறதில்ல. 'அண்ணே, மங்கைகிட்ட எல்லாத்தையும் சொல்லிரவா?' சரிம்பாரு. நான் சும்மா விட மாட்டேன், அந்த அம்மா சொல்லிக்குடுத்த மாதிரி மாத்தியும் கேப்பேன். 'சொல்ல வேண்டாமாண்ணே?' அதுக்கும் சரிம்பாரு. ரெண்டுல நான் ரெண்டாவத எடுத்துக்கிருவேன்.

என்ன கேக்குறீங்க? அட்டையில கேட்டாத் தெரிஞ்சிருமேன்னா?

அதுக்கு... அந்த நேரத்துக்கு அட்ட எங்கயாவது... வெளக்கு வைக்கிற நேரமில்லையா, கண்ணு சரியாத் தெரியாது அண்ணனுக்கு.

பதினஞ்சு போயாச்சா? பதினாறும் போயிருச்சா. ஆமா, பதினேழுங்கிறாங்க, எங்களத்தான். இந்தா வந்துட்டோம்மா! அண்ணே, எந்திரிங்க. அண்ணே.

முழிச்சிருக்கீங்களா? எப்பண்ணே முழிச்சீங்க?

ஏன் இப்படிப் பாக்குறீங்க? கைய எடுங்கண்ணே, அட்டைய உள்ள கொண்டு போகணும். எடுங்க. அந்தப் பச்ச மேல எதுக்கு வெரல வச்சு அழுத்துறீங்க, நான் ஒண்ணும் கேக்கலயே. அம்மா, நீங்க பாருங்க, நான் ஏதாவது கேட்டனா? சும்மா பேசிக்கிட்டுத்தான இருந்தேன்?

சரி, சரின்னு கத்தாதீங்க, எல்லாரும் பாக்குறாங்க.

...சொல்லிரவாண்ணே?

பச்சை.

சொல்ல வேண்டாமா?

...

செவப்புக்குப் போயிருச்சும்மா வெரலு. பாத்தீங்களா, செவப்ப எப்படிக் குத்துறாரு பாருங்க.

எங்களுக்குப் பதிலா அடுத்த ஆள அனுப்பச் சொல்றீங்களா? எங்க முறைய நாங்க அப்புறம் பாத்துக்கிறோம். அம்மா, உங்க போனக் கொஞ்சம் குடுங்க. என் நம்பருன்னா அவ எடுக்க மாட்டா. எனக்கு மனப்பாடந்தான் அவ நம்பரு. நான் சொல்றேன், நீங்களே போட்டுக் குடுங்க.

அடிக்குது.

ஹலோ. மங்கை, வச்சிராதத்தா. சித்தப்பாதான். வச்சிராத, ஒரே ஒரு நிமிசம். உங்கப்பா அன்னைக்குச் சரின்னு சொல்லலத்தா. அந்த மனுசன் வேண்டாம்னுதான் சொன்னாரு. அழுது அழுது சொன்னாரு. வீட்டுல எனக்கு மட்டுந்தான் தெரியும். அந்தக் குடத்துல கெடக்கிறது உன் பேரு இல்லத்தா, தப்புக்குறி. நான்தான்... நான்தான் சொல்லல.

மங்கை? இருக்கியாத்தா?

அண்ணே, இழுக்காதீங்க, தர்றேன், தர்றேன். இந்தாங்க, காதுல வைக்கிறேன், பேசுங்க.

ஆத்தா, கேக்குதா? சரி சரின்னுதான் கேக்கும். இந்தத் தடவ நான் பொய் சொல்லல. உன் பேரத்தான் சொல்றாரு.